சிறுகுறிஞ்சான் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா? மூலிகைகளைச் சோதிக்கும் முறை பற்றி ஒரு பாடம்

இலவச மருத்துவ முகாம்களில் சர்க்கரை பார்க்க வருபவர்களில் பலர், விரலில் ஊசி படுவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். "சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டால் மாத்திரையை விட்டுடலாமாமே?" சிலர் சிறுகுறிஞ்சானுக்குப் பதிலாக ஆவாரம்பூவைச் சொல்வார்கள். சிலர் கருஞ்சீரகம் என்பார்கள். வேங்கை மரக் குவளையை வாங்கி, இரவெல்லாம் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பவர்களும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். மாத்திரை ஆயுளுக்கும் தொடர வேண்டியது. மூலிகையோ திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கம் வேலியிலேயே படர்ந்து கிடக்கிறது. ஆனால் ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் இரண்டுமே பொய்யாகிவிடும். அதனால் இந்த இதழில், ஒரு செடி சர்க்கரையைக் குறைக்கிறது என்று சொல்வதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும், நம் ஊர்ச் செடிகள் அந்தப் பாதையில் எதுவரை வந்திருக்கின்றன என்று பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 2023இல் முடிவு வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. எண்ணிக்கையில் பத்துக் கோடிக்கு மேல். இந்தக் கணக்கில் வராத குடும்பம் நம்மிடையே அரிது.

குர்மார் என்னும் சர்க்கரைக்கொல்லி

சிறுகுறிஞ்சானுக்கு உர்தூவில் குர்மார் என்று பெயர். வெல்லத்தைக் கொல்வது என்று பொருள். தமிழிலும் சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் உண்டு. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போல இருக்கும், இனிப்பே தெரியாது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் நாக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். இதற்குக் காரணமான பொருளை ஆராய்ந்து ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் அரசுப் பணியில் இருந்த வேதியியலாளர். ஆண்டு 1887. நாக்கிலுள்ள இனிப்பு உணரும் வாயில்களை அந்த அமிலம் தற்காலிகமாக அடைத்துவிடுகிறது.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நாக்கில் இனிப்பு தெரியாமல் போவதும் இரத்தத்தில் சர்க்கரை குறைவதும் ஒன்றல்ல. சந்தையில் பொடி விற்பவர் இலையை மெல்லக் கொடுத்து, பிறகு சர்க்கரையைத் தந்து, "பார்த்தீர்களா, சர்க்கரை செத்துப்போச்சு" என்று காட்டுவார். அது நாக்கின் வித்தை. கணையத்துக்கும் அந்தக் காட்சிக்கும் தொடர்பில்லை.

இரத்தத்தில் என்ன நடக்கிறது என்று முறையாகப் பார்த்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். கேளம்பாக்கத்திலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் தரமணியைக் கடக்கிறோம். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் இருக்கிறது. பேராசிரியர் சண்முகசுந்தரமும் ராதா சண்முகசுந்தரமும் தங்கள் குழுவினருடன் 1980களில் சிறுகுறிஞ்சானைக் கையில் எடுத்தார்கள். குழுவில் பாஸ்கரன், கிஸர் அஹமத் ஆகியோரின் பெயர்களும் வெளியான கட்டுரைகளில் காணப்படுகின்றன. இலையிலிருந்து நீரில் கரையும் ஒரு சாரத்தைப் பிரித்து அதற்கு ஜி.எஸ்.4 என்று பெயரிட்டார்கள். முதலில் முயல், எலி. பிறகு மனிதர்கள். 1990இல் ஒரே ஆய்விதழில் அடுத்தடுத்து முடிவுகள் வந்தன.

இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த 27 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சாரம் கொடுத்தபோது அவர்களுடைய இன்சுலின் தேவை குறைந்தது. மாத்திரை சாப்பிட்டுவந்த 22 பேருக்கு, மாத்திரையோடு சேர்த்து 18 முதல் 20 மாதங்கள் அதே அளவு கொடுத்தார்கள். அவர்களுடைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 12ஐ ஒட்டி இருந்தது சுமார் 8.5க்கு இறங்கியது. ஐந்து பேர் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள்.

இந்த ஐந்து பேர்தான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்! மீதி 17 பேர் மாத்திரையை விடவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. 8.5 என்பது நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் பெரும்பாலான நோயாளிகளுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு 7. அவர்கள் சாப்பிட்டது வேலியில் பறித்த இலையுமல்ல, ஆய்வகத்தில் ஒரே தரத்தில் செய்த சாரம். மாத்திரை குறைக்கப்பட்டது மருத்துவர் கண்ணெதிரில், மாதக்கணக்கில் இரத்தம் பார்த்துப் பார்த்து. அந்த ஆய்வாளர்களின் உழைப்பு பெரியது. ஆனால் பங்கேற்றவர்கள் சிலர்தான். யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பதும் மறைக்கப்படவில்லை. ஏன் மறைக்க வேண்டும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

இப்னு சீனா வைத்த நிபந்தனைகள்

மருந்தைச் சோதித்துத்தான் நம்ப வேண்டும் என்பது மேற்கிலிருந்து வந்த எண்ணம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா தம்முடைய அல்கானூன் நூலின் இரண்டாம் பகுதியில், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிய நிபந்தனைகளை வரிசையாக எழுதிவைத்தார். மருந்தில் வேறு கலப்பு இருக்கக் கூடாது. பல நோய்கள் சேர்ந்தவரிடம் சோதிக்காமல் ஒரே நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். எப்போதும், அல்லது பெரும்பாலும், அதே விளைவு வர வேண்டும். ஒருமுறை வந்தது தற்செயலாக இருக்கலாம். சோதனை மனித உடலில் நடக்க வேண்டும். ஏனெனில் சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்டது மனிதனுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அவருக்கும் முன்னால் வாழ்ந்த அர்ராஸி, மூளைக்காய்ச்சல் அறிகுறி கண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை செய்து, மற்றொரு பகுதியினரை வேண்டுமென்றே அப்படியே விட்டு, இரண்டையும் ஒப்பிட்டதாகத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இன்று ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக் குழு என்று சொல்வது இதைத்தான். யுனானி படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பகுதிகளை அவசியம் படிக்க வேண்டும்.

செடியிலிருந்து குப்பிக்கு

இனி சோதனையின் படிகளுக்கு வருவோம். முதல் படி, செடி அதுதானா என்று உறுதி செய்வது. குறிஞ்சான் என்ற பெயரிலேயே சிறுகுறிஞ்சான், பெருங்குறிஞ்சான் என்று இருவேறு கொடிகள் உள்ளன. ஆகவே, எந்த இடத்தில் எந்த மாதம் பறித்தது என்ற குறிப்புடன் ஒரு கிளையை உலர்த்தி, தாவரவியலாளரிடம் காட்டிச் சான்று வாங்கி, அந்த மாதிரியைப் பாதுகாத்து வைப்பார்கள். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. கொடியைத் தொட்டு, இலையைக் கசக்கி முகர்ந்து அடையாளம் சொல்லும் அறிவு அந்தச் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. பொட்டலத்தில் வரும் பச்சைப் பொடியில் அந்தக் கையும் இல்லை, தாவரவியலாளரின் சான்றும் இல்லை.

அடுத்தது சாரம் எடுப்பது. நிழலில் உலர்த்தி, பொடித்து, தண்ணீரிலோ எரிசாராயத்திலோ ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானைக் குறைந்த வெப்பத்தில் ஆவியாக்குவார்கள். தங்கும் பசைதான் சாரம். எந்தக் கரைப்பானில் எடுக்கிறோமோ அதற்கேற்ப வேறு வேறு பொருள்கள் வரும். எனவே ஒரு கட்டுரையில் எரிசாராயச் சாரம் வேலை செய்தது என்றிருந்தால், அதை வைத்து நம் வீட்டுக் கஷாயமும் வேலை செய்யும் என்று முடிவு கட்ட முடியாது. (சாரத்தில் எரிசாராயம் மிஞ்சுமா, அது ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆவியாக்கிய பின் உலர்ந்த பசைதான் மிஞ்சுகிறது. மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பிறகு சோதனைக் குழாய். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைச் சாரம் தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இது மலிவு, சீக்கிரம் முடியும். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் மருந்தியல் படிக்கும் மாணவர்கள் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குழாயில் தடுக்கும் செடிகள் ஏராளம், தேயிலையும் தடுக்கும். அதனால் இந்தப் படியில் கிடைக்கும் வெற்றியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எலிக் கணக்கு

நான்காவது படி எலி. செய்தித்தாளில் 'சர்க்கரை நோய்க்கு மூலிகை கண்டுபிடிப்பு' என்று வருவதில் பெரும்பகுதி இந்தப் படியில் நிற்கிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எலிக்குத் தானாக நீரிழிவு வருவதற்காகக் காத்திருக்க முடியாது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து சர்க்கரை ஏறிவிடும். அப்படிப்பட்ட எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கு எதுவும் இல்லை, ஒன்றுக்குச் சாரம், ஒன்றுக்கு ஏற்கெனவே தெரிந்த மாத்திரை. நோயில்லாத எலிக் குழு ஒன்றும் இருக்கும். சில வாரங்கள் கழித்து ஒப்பிடுவார்கள். இதற்கெல்லாம் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாரி, லதா ஆகியோர் ஆவாரம்பூவின் நீர்ச் சாரத்தை இப்படிச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 450 மில்லிகிராம் வீதம் 30 நாள் கொடுத்ததில் எலிகளின் சர்க்கரை நன்றாக இறங்கியது. கிளிபென்கிளமைடு மாத்திரையைவிடச் சாரம் நன்றாக வேலை செய்தது என்பது அவர்களுடைய முடிவு. 'மாத்திரையை வென்ற ஆவாரம்பூ' என்று பரவுவதற்கு இதுபோன்ற ஒரு வரி போதும்.

ஆனால் கிளிபென்கிளமைடு எப்படி வேலை செய்கிறது? பீட்டா செல்லைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. அந்தச் செல்களின் பெரும்பகுதியைத்தான் ஊசி போட்டு அழித்துவிட்டோமே! ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டுகிறது அந்த மாத்திரை. அதை அந்த எலியிடம் வெல்வது, நம் வீட்டுப் பெரியவரிடம் வெல்வதாகாது. அவருடைய நோய் வேறு மாதிரி. அவருக்குப் பீட்டா செல் ஓரளவு இருக்கிறது; உடல்தான் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. குதிரையையும் சிங்கத்தையும் பற்றி இப்னு சீனா எச்சரித்தது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

அளவையும் பாருங்கள். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற, ஒரு கிலோவுக்கான அளவை 6.2ஆல் வகுப்பது வழக்கம். 450ஐ வகுத்தால் சுமார் 73 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் 4.4 கிராம் சாரம் தேவைப்படும். நூறு கிராம் உலர்ந்த பூவிலிருந்து பத்து கிராம் சாரம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 44 கிராம் உலர்ந்த பூ. இரண்டு கை நிறைய வரும். நாம் தேநீரில் போடுவது நான்கைந்து பூ. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரை போட்ட தேநீருக்குப் பதிலாக அதைக் குடித்தால் நல்லதுதான். அந்த நன்மையில் பெரும்பங்கு போடாமல் விட்ட சர்க்கரைக்குச் சேரும்.

மனிதரிடம் ஏன் மறைத்துச் சோதிக்கிறார்கள்

ஒருவருக்குச் சர்க்கரை 320 என்று வருகிறது. பயந்து போகிறார். அன்றிலிருந்து ஒரு பொடியைத் தொடங்குகிறார். கூடவே இரவு பரோட்டாவை நிறுத்துகிறார், ஃபஜ்ர் தொழுதுவிட்டு நடக்கிறார், மாத்திரையை மறக்காமல் போடுகிறார். ஒரு மாதத்தில் 190. "பொடி கேட்டுச்சு" என்கிறார். எது கேட்டது? தவிர, இரத்தச் சர்க்கரை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. மிக உச்சத்தில் இருந்த நாளில்தான் நாம் பயந்து மருந்து தொடங்குவோம். உச்சத்துக்கு அடுத்தது எப்படியும் இறக்கம்தான். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, பொடியின் பங்கு மட்டும் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருக்கிறது. பார்வையில் வேறுபாடு தெரியாத வெற்றுப் பொடியை இன்னொரு குழுவுக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கும் தெரியக் கூடாது, அளவு பார்க்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது.

இப்படி நடந்த நல்ல சோதனை ஒன்று இலங்கையில் உண்டு. நாம் கடலழிஞ்சில் என்கிற செடி, சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு. நம் சித்த மருத்துவத்திலும் நீரிழிவுக்குச் சொல்லப்படுவது. அதைத் தேநீர்ப் பையாக்கி, அதேபோன்ற வெற்றுப் பையும் செய்து, 51 நோயாளிகளுக்கு மூன்று மாதம் ஒன்று, அடுத்த மூன்று மாதம் மற்றொன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். 2005இல் வந்த முடிவு: மூலிகைக் காலத்தின் இறுதியில் எச்.பி.ஏ.1.சி. 6.29, வெற்றுப் பைக் காலத்தில் 6.65. வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் கீழே. சிறியது, ஆனால் உண்மையானது. மூலிகையிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவு இதுதான் என்பது என் எண்ணம்.

பாகற்காய்க்கு மணிலாவில் இதேபோல நடந்தது. 40 பேர், மூன்று மாதம். 2007இல் வெளியான முடிவில், வெற்று மாத்திரைக்கும் பாகற்காய் மாத்திரைக்கும் நம்பத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. பாகற்காய் நல்ல காய்கறி. மருந்து என்ற பட்டம் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவே.

வேங்கை மரத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எடுத்துச் சோதித்து 1998இல் வெளியிட்டது. புதிதாக நோய் கண்ட 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. கேட்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. 9.8லிருந்து 9.4க்குத்தான் இறங்கியது, வெற்றுப் பொடிக் குழுவும் வைக்கப்படவில்லை. அங்கே கொடுத்தது அளந்து தயாரித்த மருந்து, நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வரை. மரக் குவளையில் இரவு முழுக்க ஊறும் தண்ணீரில் எவ்வளவு இறங்குகிறது என்பது குவளைக்குக் குவளை மாறும்.

கருஞ்சீரகம் பற்றிச் சொல்லாமல் போனால் நம் வாசகர்கள் விடமாட்டார்கள். அதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியில் நமக்கு நம்பிக்கை இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு எத்தனை கிராம், எவ்வளவு காலம், எந்த மாத்திரையோடு என்பதைக் கண்டறிவது மருத்துவம் கற்றவர்களின் வேலை. சவூதியில் மன்னர் ஃபைஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 94 பேரை மூன்று குழுவாக்கி 1, 2, 3 கிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்து, 2010இல் வெளியிட்டார்கள். 2 கிராம் குழுவில் எச்.பி.ஏ.1.சி. சுமார் ஒன்றரைப் புள்ளி குறைந்தது. 3 கிராம் கொடுத்ததால் கூடுதல் பயன் இல்லை. நோயாளிகள் எல்லோரும் வழக்கமான மாத்திரையைத் தொடர்ந்தார்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். மாத்திரைக்குத் துணையாகச் சோதித்ததை, மாத்திரைக்குப் பதிலாக எடுத்துக்கொள்வதற்கு அந்த ஆய்வில் இடமில்லை.

மூலிகையே மாத்திரையான கதை

'இங்கிலீஷ் மருந்து' என்று நாம் ஒதுக்கப் பார்க்கும் மெட்பார்மின் ஒரு செடியின் வழிவந்தது. ஐரோப்பாவில் ஆடுமாடு மேய்ந்த கலேகா என்ற செடியிலுள்ள கலேகின் சர்க்கரையைக் குறைக்கும் என்று கண்டார்கள். ஆனால் அதில் நஞ்சு அதிகம். 1920களில் மனிதரிடம் முயன்று கைவிட்டார்கள். அதே குடும்பத்து வேதிப்பொருளான மெட்பார்மினை 1922இல் ஆய்வகத்தில் செய்தார்கள். பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல்தான் நோயாளிகளிடம் பயன்படுத்தி எழுதினார். பல ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வு 1998இல் வெளியானபோது, உடல் பருமன் உள்ள நோயாளிகளில் மெட்பார்மின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்தது தெரிந்தது. சர்க்கரை எண் குறைவது மட்டும் போதாது. கண், சிறுநீரகம், இதயம், கால் தப்பிக்கிறதா என்பதே கடைசிக் கேள்வி. சிறுகுறிஞ்சான் உட்பட மேலே சொன்ன எந்த மூலிகையும் அந்தப் படிக்கு வரவில்லை.

இந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். காசு இல்லாமல் மாத்திரையை நிறுத்தியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், இந்தச் செய்தியை இன்றே அவர்கள் காதில் போடுங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது

இன்சுலின் போடும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வகை நீரிழிவில் உடலில் இன்சுலின் ஏறக்குறைய இல்லை. யார் எந்தப் பொடி கொடுத்தாலும் ஊசியை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சில நாட்களில், சில சமயம் ஒரே நாளில், இரத்தம் அமிலமாகி மூச்சு வாங்கி மயங்கிவிடுவார்கள். மேலே சொன்ன 27 பேரும்கூட ஊசியோடுதான் சாரம் எடுத்தார்கள்.

அடுத்தது கலப்படம். மூலிகை என்று விற்கும் பொடி மூன்றே நாளில் சர்க்கரையை 'அதிசயமாக' இறக்கினால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முதலில் வர வேண்டும். 2008இல் சிங்கப்பூரில் கள்ளச் சந்தையில் வேறு பயனுக்காக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு அளவு கடந்து கலந்திருந்தது. நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை அடியோடு இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். அப்படியொரு நோட்டீஸ் பள்ளிவாசல் வாசலில் கொடுக்கப்பட்டால் வாங்கி வைத்துக்கொண்டு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவிக்கலாம். முறையாகக் கற்காமல் மருத்துவம் பார்ப்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாவார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. வாட்ஸ்அப்பில் மருந்து அனுப்புகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கட்டும்.

சிறுகுறிஞ்சானும் தீங்கே இல்லாதது அல்ல. அதை உட்கொண்ட ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2010இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான். ஆனால் மஞ்சள் காமாலை கண்டவர் மருத்துவரிடம் பொடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் காரணம் பிடிபடாது.

ரமளானில் கூடுதல் கவனம் வேண்டும். 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் 2001இல் நடந்த எபிடியார் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது இரண்டாம் வகை நோயாளிகளிடம் ரமளான் மாதத்தில் 7.5 மடங்கு கூடியது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோடு ஸஹரில் மூலிகைக் கஷாயமும் சேர்ந்தால், அஸர் நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் வரலாம். 70க்குக் கீழே போனால் நோன்பை முறித்துவிட வேண்டும். 300க்கு மேல் போனாலும் அப்படியே. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

மூலிகை எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கும் நல்ல வழி இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே, தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. இராயபுரத்தில் மத்திய அரசின் மண்டல யுனானி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டிலும் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு மருந்துச் சோதனையில் சேர உங்களை அழைத்தால் பயப்பட வேண்டாம், ஆனால் கேள்வி கேளுங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படித்துக் காட்டச் சொல்லலாம். மருந்துக்குப் பணம் வாங்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை தடைபடாது.

போகும்போது ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.1.சி., சிறுநீரகப் பரிசோதனையான கிரியாட்டினின் அளவு, இதுவரை சாப்பிட்ட பொடி, கஷாயம் எல்லாவற்றின் பெயர். பொட்டலம் மிச்சம் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூலிகையைத் தொடங்கும் நாளில் மாத்திரையைக் குறைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. பார்த்து, குறைக்கலாமா என்று மருத்துவர் சொல்லட்டும்.